சனிக்கிழமை ஸ்கீ பயணம்: ஹெல்மெட் விஷயம்

எல்லோருக்கும் வணக்கம். ஃப்ளும்சர்பெர்க் பனிச்சறுக்கு மலைக்குப் போகும்போது, வீட்டில் சும்மா கிடக்கிற மலையேறும் ஹெல்மெட்டையே போடலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். அது முக்கியமாக மேலிருந்து விழும் கல்லை மனதில் வைத்துச் செய்தது; ஸ்கீயில் சறுக்கி விழுந்தால் பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் அடி படலாம், போதாததற்கு அந்த ஹெல்மெட்டில் காது வேறு வெளியே நிற்கும்.

1. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஈஎன் 1077 (ஸ்கீ ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தர எண்) இருந்தால் சரி. ஈஎன் 12492 மட்டும் என்றால் அது மலையேற்றத்துக்கு. இரண்டும் இருந்தால் தாராளமாகப் போடலாம்.
2. இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். பிள்ளைகளுக்கு, வளருவார்கள்தானே என்று பெரிய அளவு எடுக்காதீர்கள்.
3. சனி காலை 6:45, சூரிச் பெரிய ஸ்டேஷன், மணிக்கூட்டுக்குக் கீழே.
4. வாடகை வேண்டுமென்றால் தலைச் சுற்றளவை செ.மீ.இல் வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள், தனி மெசேஜ் வேண்டாம்.