ரிங்லெட்டிலிருந்து தம்பிக்கு

ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். போடியில் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

பிப்ரவரியில் கூட்டாளிகளோடு வருவதாக எழுதியிருந்தாய். சரியான மாதம்தான், வருஷத்தில் மழை குறைந்த காலம். சீனப் பெருநாள் விடுமுறையில் மட்டும் மாட்டிக்கொள்ளாதே. அந்த வாரம் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஊர் வரைக்கும் கார்கள் ஊர்ந்துதான் போகும்.

'கொழுக்குமலை ஏறியவனுக்கு ஈராவ் மலை எம்மாத்திரம்' என்று கேட்டிருக்கிறாய். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஈராவ் 2,110 மீட்டர், கொழுக்குமலையைவிடக் குறைவுதான். பக்கத்தில் தார்ச்சாலை போகும் பிரிஞ்சாங் மலை உச்சியே 2,031 மீட்டர். ஏட்டில் பார்த்தால் வித்தியாசம் எண்பது மீட்டர்கூட இல்லை. ஆனால் ஏற மூன்று மணி நேரம், இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகும். பாதை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். உச்சி வந்துவிட்டது என்று உட்காரத் தோன்றும் ஒரு மேடு வரும். அது உச்சி இல்லை, அதைத் தாண்டி இன்னும் போக வேண்டும். இங்கே மலையை மீட்டரில் அளக்காதே, மணியில் அள.

பாதையைத் தாமதமாக்குவது சேறும் வேரும்தான். நம் குரங்கணிப் பக்கம் கோடையில் பயப்பட வேண்டியது தீ. இங்கே மழை பெய்யாத நாளிலும் மேகம் காட்டுக்குள்ளேயே நின்று, பாசியில் படிந்து, சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வடிய இடமில்லாததால் பள்ளமெல்லாம் கறுப்புச் சேறு, சில இடத்தில் முழங்கால் வரை இறங்கும். ஆகவே வேரின் மேல்தான் கால் வைத்துப் போக வேண்டும். வேரின் நுனியில் வைத்தால் வழுக்கும். மரத்தடியை ஒட்டிப் பருத்திருக்கும் இடத்தில், பாதத்தின் நடுப்பகுதி படியும்படி வை. இரண்டு வேருக்கு நடுவே பச்சையாகத் தெரிவதைத் தரை என்று நம்பாதே. பாசி மூடிய பொந்தாக இருக்கும், கணுக்கால் பிசகுவது அங்கேதான். கிளையைப் பிடிக்கும் முன் ஆட்டிப் பார். உளுத்த கட்டையையும் உயிருள்ள மரத்தையும் பாசி ஒரே மாதிரி போர்த்தியிருக்கும்.

விலையுயர்ந்த மலையேற்ற ஷூ எதுவும் வாங்காதே. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ இங்கே சாமான் கடையில் கிடைக்கும். 'கம்போங் அடிடாஸ்', அதாவது கிராமத்து அடிடாஸ் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒரே அச்சில் வார்த்த ரப்பர், தையல் இல்லாததால் பிரிந்துபோகாது. அடியில் குமிழ் குமிழாக இருப்பதால் சேற்றில் பிடிக்கும், குழாயடியில் கழுவினால் தீர்ந்தது. தடித்த காலுறை போட்டுக்கொண்டால்தான் குதிகால் கடிக்காது.

அட்டை இருக்கும், குறிப்பாக ஈரம் கூடிய தாழ்வான பாதைகளில். ஒட்டியதைப் பிய்க்காதே. வாய்ப் பக்கத்தில் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது எதையோ சுரந்துவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆளை ஏமாற்றுவது இங்கத்திய நேரம். இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். பிப்ரவரியில் விடிய ஏழே கால் தாண்டும், சாலையில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பி மதியம் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் ஆறரைக்கே கால் தெரியாது. எட்டு மணிக்கு ஏறத் தொடங்குங்கள். பன்னிரண்டுக்குள் உச்சி வரவில்லையென்றால், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பிற்பகலில்தான் மழை பிடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கைவிளக்கு, மழைச்சட்டை. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாளே ஈராவ் வேண்டாம். தானா ராத்தாவிலிருந்து 10ஆம் எண் பாதையில் ஜாசார் மலை ஏறிப் பாருங்கள், அரை நாள் வேலை. பெரெம்பான் மலை அதைவிடச் செங்குத்து; ராபின்சன் அருவிப் பக்கமிருந்து போகும் 8ஆம் எண் பாதையில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். எண் பலகைகள் சில இடத்தில் செடிக்குள் மறைந்திருக்கும், பிரிவு வந்தால் நின்று பாருங்கள். 1967இல் தாய்லாந்தில் பட்டு வணிகம் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன் இந்தக் கேமரன் மலையில் நடக்கப் போய்க் காணாமல் போனார், இன்றுவரை தடயம் இல்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

உன் கூட்டாளிகளில் ஒருவருக்கு நடக்க முடியாவிட்டால், வண்டியிலேயே பிரிஞ்சாங் உச்சிக்குப் போகலாம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் சாலை ஒரு வண்டி அகலம்தான். வளைவில் ஹாரன் அடித்து, இறங்கும்போது சின்ன கியரில் வரவேண்டும். மேலே தொலைத்தொடர்புக் கோபுரங்களைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். அதற்குக் கொஞ்சம் கீழே, பாசிக்காட்டுக்குள் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதைதான் பார்க்க வேண்டியது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். உள்ளே தேங்கிய தண்ணீரில் எறும்பு மிதக்கும். விரலை விட்டுப் பார்க்காதே, பலகையை விட்டும் இறங்காதே.

இரவில் பதினைந்து டிகிரிக்குப் போகும். கம்பளிச் சட்டை ஒன்று போதும்.

மூன்று பேரும் வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். காலுறை போட்டுக்கொண்டு வரையுங்கள். ரப்பர் ஷூவை இப்போதே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்