நிரலில் கை வைக்கும் முன்: தமிழ் நிரலகங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நிரலகங்களை (பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதி, பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள், அதாவது லைப்ரரிகள்) சம்பளம் இல்லாமல், இரவிலும் விடுமுறையிலும் உட்கார்ந்து பராமரிக்கிறீர்கள். என் அன்றாட வேலை அவற்றை நம்பித்தான் ஓடுகிறது. பழைய நிரலைச் சுத்தம் செய்து புதிதாக எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் சோதனைகளையும் (நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல்கள்) ஆவணத்தையும் எழுதி முடியுங்கள்.

பைத்தானின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்காக எழுதிய வரிகளைத் தயங்காமல் தூக்குங்கள். அதற்கான ஆதரவே 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. ஆனால் அசிங்கமாகத் தெரியும் எல்லா வரியும் குப்பை அல்ல. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் போட்டு 'கெளதமன்' என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். அதைக் 'கௌதமன்' ஆக்க வேண்டும். அதே விதி 'வெள்ளம்', 'தெளிவு' பக்கம் போய்விடவும் கூடாது. இதற்காக யாரோ அடுக்கடுக்காக 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்னும் நிபந்தனை வரி) போட்டிருப்பார். ஏன் என்று ஒரு வரிக் குறிப்புகூட இருக்காது. புதிதாக வருபவர் அதை அழகாகச் சுருக்கிவிடுவார். அன்றிலிருந்து தேடல் கெட்டுப்போகும்.

'கொ' இன்னொரு தலைவலி. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக வரலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிட்டால் கணினி இரண்டும் வேறு என்று சொல்லும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் என்.எஃப்.சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே குறியாக்கும் வடிவம்) மாற்றினால் இது சரியாகிவிடும், 'கெளதமன்' சரியாகாது. சரி, அந்த மாற்றத்தைச் செய்வது நிரலகமா, அதை அழைத்துப் பயன்படுத்துபவரா? ஆவணத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய விஷயம் இது.

ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) பெயர்களை அடுக்கிவைத்தால் மட்டும் ஆவணம் ஆகிவிடாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தானின் 'லென்' ஃபங்ஷன், புள்ளியையும் இகரக் கொக்கியையும் தனியாக எண்ணி, 5 என்கிறது. நமக்கோ 3 எழுத்து. இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே நிரலகம் எதற்கு என்று கல்லூரி மாணவருக்குப் புரிந்துவிடும். எடுத்துக்காட்டுகளை டாக்டெஸ்ட் வடிவில் எழுதுங்கள். பைத்தானோடு சேர்ந்தே வரும் சோதனைக் கருவிதான் அது. எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நிரல் ஒரு பக்கம், ஆவணம் ஒரு பக்கம் என்று போகாது.

அப்புறம், ஃபங்ஷன் பெயரை மாற்றினால் பழைய பெயரும் சில வெளியீடுகள் வரை, எச்சரிக்கை காட்டியபடி, வேலை செய்யட்டும்.

ஔகாரத்துக்கான சோதனைகளை நான் எழுதி அனுப்புகிறேன். எந்த உள்ளீட்டுக்கு எது சரியான விடை என்பதில் கருத்து வேறுபாடு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்வோம். அதுவரை அந்த 'இஃப்' வரிகள் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நிரலகங்களைப் பயன்படுத்தும் ஒருவர்