நமது திரை ரசிகர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுக்கத் திகில் படங்களும் சண்டைப் படங்களும்தான் என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். "பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது?" என்று அப்போது சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயமே. இவற்றை நாம் இதுவரை பார்த்துக் கைதட்டியதோடு சரி. இந்த ஆண்டு உட்கார்ந்து பேசினோம். குறைந்த காசில், கையால் வேலை செய்து எடுத்த இந்தப் படங்களுக்குள் எவ்வளவு உழைப்பும் யோசனையும் இருக்கின்றன என்பது மாதாமாதம் தெரிய வந்தது.

முதலில் அஞ்சலி. 2024 மே 9ஆம் தேதி அமெரிக்கத் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கார்மன் தமது 98ஆம் வயதில் காலமானார். சின்ன பட்ஜெட் படங்களை விடாமல் எடுத்துக்கொண்டே, பின்னாளில் பெரிய இயக்குநர்களான கப்போலா, ஸ்கார்செஸி போன்றவர்களுக்கு ஆரம்ப வாய்ப்புகளைக் கொடுத்தவர். ஜூன் கூட்டத்தில் எழுந்து நின்று அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம்.

கூட்டம் நடத்த இடம் கிடைப்பதுதான் ஆண்டின் முதல் பாதியில் பெரும்பாடாக இருந்தது. வழக்கமாகக் கூடிய மண்டபத்தில் கல்யாண முகூர்த்தம் வந்தால் முதல் நாள் இரவுதான் சொல்வார்கள். ஆகஸ்ட் முதல் நூலக மாடிக்கு மாறினோம். மின்விசிறிச் சத்தம் அதிகம் என்றாலும் தேதி மாறுவதில்லை.

நமது வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. படத்தை அவரவர் வீட்டில் முறையாகக் கிடைக்கும் வழியில் பார்த்துவிட்டு வருவோம், கூட்டத்தில் பேசுவோம். ஒரே ஒரு படத்தை மட்டும் திரை கட்டி எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் எடுத்து 1968இல் வெளிவந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை வரி விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. அதனால் அந்தப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது, நாமும் தடையில்லாமல் திரையிட முடிந்தது.

அந்த மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பிணங்கள் நடக்கும் படம்தான், ஆனால் 'ஸாம்பி' என்ற சொல் ஓரிடத்திலும் வராது. இதையெல்லாம் முன்னுரையாகச் சொல்லிவிட்டுத்தான் படத்தைப் போட்டோம். கடைசிப் பத்து நிமிடத்தில் அரங்கில் யாரும் அசையவில்லை. இரவு முழுக்கப் போராடி உயிர் தப்பிய நாயகனை, காலையில் காப்பாற்ற வந்த கூட்டமே பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே 1968இல் இந்தப் படம் வந்தது. இயக்குநர் அதை மனத்தில் வைத்து எடுத்தாரா இல்லையா என்று தொடங்கிய வாக்குவாதம், நூலகக் காவலர் விளக்கை அணைக்க வந்த பிறகும் வாசலில் நின்று தொடர்ந்தது. படம் எடுத்து முடிந்த பிறகுதான் கிங் கொல்லப்பட்டார் என்பது உண்மை. ஆனால் படம் வெளியான அக்டோபரில் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை மறந்துவிட்டா பார்த்திருப்பார்கள்? என் கட்சி அதுதான்.

ஜான் கார்ப்பெண்டரின் 'த திங்' (1982) பற்றிய கூட்டமும் நன்றாக அமைந்தது. மனித உருவை அப்படியே எடுத்துக்கொள்ளும் வேற்றுக்கிரக உயிர் ஒன்று ஒரு குழுவுக்குள் புகுந்துவிடும், யார் மனிதர், யார் அது என்று தெரியாது. அதுதான் கதை. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்த இரண்டு வாரத்தில் வெளியாகி, அன்றைய விமர்சகர்களிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்ட படம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்போது நோயாளியின் மார்பு வாயாகத் திறந்து மருத்துவரின் கைகளைக் கடித்துத் துண்டிக்குமே, அந்தக் காட்சிக்கு உண்மையிலேயே கைகளை இழந்த ஒருவரைத்தான், மருத்துவராக நடித்தவரின் முகம் போன்ற முகமூடி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வித்தைகளைச் செய்த ராப் பாட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஓய்வுபெற்ற செவிலியரான நம் உறுப்பினர் அம்மா ஒருவர் அன்று சொன்னது எல்லோர் மனத்திலும் நின்றது: "எனக்கு அந்த வாய் பயமாயில்லை. அடுத்து யாருக்கு என்று சுற்றி நிற்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்களே, அந்தப் பார்வைதான் பயம். தொற்றுநோய் வார்டில் அதைப் பார்த்திருக்கிறேன்." அதற்குப் பிறகு, சூடான கம்பியால் ரத்தத்தைச் சோதிக்கும் காட்சியைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசினோம்.

ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985) கூட்டத்துக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தயாராகவே வந்திருந்தார். கடைசிச் சண்டையில் வணிக வளாகம் முழுக்கக் கண்ணாடி நொறுங்கும். உடைவது பொய்யாகத் தெரியக் கூடாது என்று, வழக்கத்தைவிடத் தடிமனான போலிக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். எந்தத் தடிமனில் சில்லு எப்படிச் சிதறும் என்று அவர் கையோடு கொண்டுவந்த துண்டுகளை வைத்து விளக்கினார். மின்விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தில் ஜாக்கி சான் சறுக்கி இறங்கும்போது உள்ளங்கைகள் வெந்துபோயின, முதுகிலும் அடி. அந்தச் சறுக்கலைப் படத்தில் வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அதை இனி யாரும் சாதாரணமாகப் பார்க்க மாட்டோம்.

சாம் ரெய்மியின் 'ஈவில் டெட்' திகில் படத்துக்குக் கல்லூரி மாணவ உறுப்பினர்கள் ஒரு செய்முறையே நடத்தினார்கள். கேமராவை நகர்த்தத் தண்டவாளமும் டிராலியும் வாங்கக் காசில்லாத ரெய்மி குழு, கேமராவை ஒரு பலகையில் பொருத்தி இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. நம் பிள்ளைகள் பலகையில் செல்போனைக் கட்டி நூலகத் தாழ்வாரத்தில் ஓடி எடுத்ததைத் திரையில் போட்டபோது, பழகிய தாழ்வாரமே பயமுறுத்தியது. அவர்களுக்குச் சங்கத்தின் பாராட்டு.

இந்தோனேசியாவின் 'த ரெய்ட்' சண்டைப் படத்துக்கு வருகை குறைவு, தீபாவளி நேரம். 'தும்பாட்' என்ற இந்தித் திகில் படம் 2024 செப்டம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது சிலர் சென்னைக்குப் போய்ப் பார்த்து வந்தார்கள். 2018இல் முதலில் வந்தபோது ஈட்டியதைவிட மறுவெளியீட்டில் அது அதிகம் ஈட்டியது நம் எல்லோருக்கும் சந்தோஷம்.

'ஏ' சான்றிதழ் படங்களைப் பற்றிய கூட்டத்துக்கு 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அழைத்துவர வேண்டாம் என்ற செயற்குழு முடிவை எல்லோரும் மதித்தீர்கள். நன்றி.

அப்புறம், தமிழ்ப் படங்கள். இதில்தான் எனக்கு மனக்குறை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'நடு இரவில்' (1970), கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'ஜக்கம்மா' (1972), மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டோம். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வருவது இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆனால் பழைய இரண்டு படங்களுக்கும் நமக்குக் கிடைத்த பிரதிகளில் இருட்டுக் காட்சி எல்லாம் வெறும் கறுப்பு. வீணை மேதை ஒருவர் ஒலியை வைத்து எப்படிப் பயமுறுத்தினார் என்று பேச உட்கார்ந்தால், கேட்பது இரைச்சல்தான். ஒளிப்பதிவாளரான கர்ணன் தம் படத்தில் குதிரைத் துரத்தலை எங்கிருந்து பார்க்கிறார் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் குதிரை தெரிய வேண்டும். வெளிநாட்டுப் படங்களுக்குச் செய்த மரியாதையை நம் படங்களுக்குச் செய்ய முடியவில்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, சந்தாவில் ஒரு பகுதியைத் திரையிடல் உரிமை நிதியாக ஒதுக்கி, வரும் ஆண்டில் கூடுமானவரை படங்களைச் சேர்ந்து பார்ப்பது. இரண்டு, பழைய தமிழ்த் திகில், சண்டைப் படங்களைத் தியேட்டரில் பார்த்த மூத்த உறுப்பினர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. எந்தக் கொட்டகை, எந்தக் காட்சிக்குக் கூட்டம் கத்தியது, எந்த இடத்தில் ஆபரேட்டர் ரீலை வெட்டினார் என்பது உட்பட எல்லாம் வேண்டும். எழுதச் சிரமம் என்றால் ஒரு தகவல் சொல்லுங்கள், மாணவ உறுப்பினர்கள் வீட்டுக்கே வந்து ஒலிப்பதிவு செய்துகொள்வார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்