விசாரியுங்கள், என் சிகிச்சைக் கோப்பை மூடி வைத்துவிட்டு

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும், விசாரணைக் குழுவில் உள்ள ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். பெண்கள் வார்டில் அன்றிரவு ஒரு நோயாளியை நான் கட்டிவைத்ததையும், அதைப் பற்றி அவருடைய அம்மா புகார் கொடுத்ததையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. புகார்க் கடிதமும் என் விளக்கமும் டாக்டரின் குறிப்பும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

புகார் கொடுத்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மகளின் மணிக்கட்டில் சிவந்த தடத்தைப் பார்த்தால் பெற்றவள் கேட்கத்தான் செய்வாள், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு புகார் கொடுக்கும் உரிமையைத் தெளிவாகத் தந்திருக்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டில் நோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு தீயில் செத்துப்போனதைப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். நோயாளியை ஏன் கட்டினாய் என்று யாரும் கேட்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் விசாரியுங்கள், நன்றாகவே விசாரியுங்கள். ஆனால் என் சொந்த சிகிச்சைக் கோப்பு அந்த மேசைக்கு வரக் கூடாது. இந்த மடலில் நான் கேட்பது அதைத்தான்.

போன செவ்வாய்க்கிழமை அறைக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். ஐந்து நாற்காலி, நடுவில் வார்டு குறிப்பேடு, அதன் மேல் பழுப்பு அட்டை போட்ட ஓ.பி. (புறநோயாளி) கோப்பு ஒன்று. ஓரம் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தப் பிளாஸ்திரியை ஒட்டியது நான்தான், அதனால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் என் அம்மா போன பிறகு மூன்று மாதம் தூக்கம் வராமல், நம் மருத்துவமனையிலேயே டாக்டரிடம் காட்டி மாத்திரை எடுத்தேன். அந்தக் கோப்புதான் அது. ரெக்கார்டு அறையிலிருந்து அதை எடுக்க யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழுவில் ஒருவர் அதைப் பிரித்து வாய்விட்டே படித்தார். "தூக்கமின்மை, அடிக்கடி அழுகை, வேலையில் ஈடுபாடு குறைவு." கணக்குப் பிரிவு சாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், டீ கொண்டு வந்த பையன் கதவோரம் தட்டோடு நின்றான். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. "இந்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டவங்க, நைட் டியூட்டியில நிதானமா இருந்தீங்கன்னு எப்படி நம்பறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அதே கையால்தான் அன்று காலையில் ஒரு நோயாளிக்கு மாத்திரை கொடுத்து, "இது சர்க்கரைக்கு மாத்திரை போடுற மாதிரிதாம்மா, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை ரகசியத்தைப் பற்றிப் பேசுகிறது. எந்தெந்தச் சூழலில் ரகசியத்தை வெளியே சொல்லலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது: உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, இப்படி. ஊழியர் மீது புகார் வந்தால் அவருடைய பழைய கோப்பைத் தூசி தட்டலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. சம்பளம் வாங்குகிற இடத்திலேயே வைத்தியமும் பார்த்ததால் நான் நோயாளி என்கிற உரிமையை இழந்துவிட்டேனா?

சரி, கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தனவே. நோயாளியைக் கட்டுவதைப் பற்றிய 97ஆம் பிரிவு அவற்றைச் சொல்லிவைத்திருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லையா, மனநல மருத்துவர் அனுமதித்தாரா, ஏன், எவ்வளவு நேரம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறதா, நோயாளியின் சார்பாளருக்கு (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர், இங்கே அந்த அம்மா) 24 மணி நேரத்துக்குள் சொன்னீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தால் தவறு என்று ஒப்புக்கொண்டிருப்பேன். காலையில் டியூட்டி மாற்றும்போது சொல்லிவிட்டுப் போனேனே தவிர, அந்த அம்மாவுக்கு நானே போன் செய்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் வந்துதான் அவருக்குத் தெரிந்தது. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருக்கிறேன்.

ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அன்றிரவு 34 பேருக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. எத்தனை மாதமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அந்தக் கடிதங்களை எடுத்துவர ரெக்கார்டு அறைக்கு யாரும் போகவில்லை, என் கோப்பை எடுக்க மட்டும் ஆள் கிடைத்தது. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயமாவது அறைக்குள்ளேயே இருந்ததா? என் அடையாள அட்டைப் படம், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, கூடவே சிசிடிவி துண்டு ஒன்றும். அதில் என் முகம் மட்டுமில்லை, அந்தப் பெண்ணின் முகமும் இருக்கிறது. நம்மிடம் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு, ஊரில் யாருக்கும் தெரியாமல் முதல் பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொண்டு வருகிற குடும்பங்கள். அந்தப் பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? அந்த வீடியோ எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு நடக்கிற நேரம், களத்துமேட்டில் நின்று என் மாமியாரிடம் கேட்கிறார்கள், "உன் மருமகளுக்கே புத்தி சரியில்லையாமே?" என்று.

பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சி சொன்னவர், யாருடைய பெயரும் முகவரியும் வெளியே போகக் கூடாது என்று 16ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அந்த மரியாதையை இந்த விசாரணையிலும் கடைப்பிடிக்க நமக்கு என்ன தடை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, நம் மருத்துவமனையிலேயே மருந்து எடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, நான் இனிமே திருச்சிக்கே போய்க் காட்டிக்கிறேன்" என்றார். இன்னொருவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். அவருக்கு இந்த வாரம் நைட் டியூட்டி.

தயவுசெய்து என் கோப்பை உறையில் போட்டு ஒட்டி ரெக்கார்டு அறைக்குத் திருப்பி அனுப்புங்கள். அதை எடுத்தது யார் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் போன படங்களை அழிக்கச் சொல்லுங்கள், விசாரணை அறிக்கையில் என் சிகிச்சையைப் பற்றி ஒரு வரியும் இருக்க வேண்டாம். இதற்குப் பிறகு எந்த ஊழியர் மீது புகார் வந்தாலும் அவருடைய சிகிச்சைக் கோப்பைத் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இரண்டாம் விசாரணைக்குக் கட்டாயம் வருகிறேன். அன்றிரவு கால் மணிக்கு ஒரு தரம் நான் எழுதிய நாடித்துடிப்புக் குறிப்பின் நகலைக் கொண்டுவருகிறேன். அதிலிருந்து எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் வார்டு செவிலியர்