ஒரு சொல், மூன்று தோட்டம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஞாயிறு இரவு நீங்கள் போனில் கோல் எடுத்தபோது காலி வீதி பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "42 பிள்ளை அக்கா, ஆளுக்கொரு தினுசு, யாரின்ர மட்டத்தில படிப்பிக்கிறது?" என்றீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலைக்கு வந்த முதல் மாதம், நானும் அம்மாவிடம் இதைத்தான் சொல்லி அழுதேன்.

அந்தத் தவணையில் தரம் 6க்கு 'எங்கள் தோட்டம்' என்று கட்டுரை கொடுத்தேன். என் மனதில் இருந்தது ஊரில் வாய்க்கால் தண்ணீர் ஓடும் வெங்காயப் பாத்தி. மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து மாமி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை தேயிலைக் கொழுந்தையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையும் எழுதினாள். அதையாவது ஏற்றுக்கொண்டேன். ஒரு பையன் எழுதியது விடியற்காலைக் குழாயடி. வாளிகளை முதல்நாள் இரவே வரிசையில் வைத்துவிடுவார்களாம். எது யாருடையது என்பது கைப்பிடியில் கட்டிய துணியின் நிறத்தில் தெரியுமாம். அவனுடைய அம்மாவின் வாளிக்குப் பள்ளிக்கூட டையின் கிழிந்த துண்டு. 'தலைப்புக்குப் பொருத்தமில்லை' என்று சிவப்பு மையில் எழுதி 20க்கு 6 போட்டேன். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கி நெருக்கிக் கட்டிய சின்ன வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அது எனக்குத் தெரிந்தபோது தவணையே முடிந்துவிட்டது. வகுப்பிலேயே நல்ல கட்டுரை அதுதான்.

அதே கொப்பிக் கட்டுக்குள் ஒரு முஸ்லிம் பிள்ளையின் கொப்பியில் 'வாப்பா' என்பதை வெட்டி 'அப்பா' என்று திருத்தியிருந்தேன். அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் உம்மா வாசலில் நின்று, சண்டைக்கு வந்தவர் மாதிரியே இல்லாமல், "டீச்சர், வாப்பாவில எழுத்துப்பிழை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். விரைவாக எழுதச் சொல்லி நான் "கெதியா எழுதுங்கோ" என்றால் ஹட்டன் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு முழிப்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளைக் கொஞ்சம் மந்தம் என்றே நினைத்திருந்தேன். உங்கள் தமிழை விட வேண்டாம். 'கெதியா' என்றால் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம், கல்வியியற் கல்லூரியில் 'கட்புலக் கற்போர், செவிப்புலக் கற்போர்' என்று, அதாவது பார்த்துப் படிப்பவர்கள், கேட்டுப் படிப்பவர்கள் என்று, பிள்ளைகளைப் பிரித்து எழுதிய குறிப்புகளைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். 2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிப் பிரித்துப் படிப்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். படத்தையும் கதையையும் எல்லோருக்கும் கொடுங்கள்.

சிலர் ஓய்வறையில், "எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துறதுதான் நியாயம்" என்பார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தகுதி பெறத் தேவையான வெட்டுப்புள்ளியையே மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுவேறாகத்தான் வெளியிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து ஓடவில்லை என்பது மேலே உள்ளவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சரி, அதற்காக ஒரு பாடவேளைக்குள் 42 பாடம் நடத்த யாராலும் முடியாது. நான் செய்வது சின்ன வேலைதான்: பாடம் ஒன்று, கேள்வி ஆறு. முதலாவதை யாரும் செய்யலாம், ஆறாவது கெட்டிக்காரரையும் தலையைச் சொறிய வைக்கும். எதில் தொடங்குவது என்பது பிள்ளையின் விருப்பம். நோன்பு மாதத்தில் கஷ்டமான பாடத்தைக் காலைக்கு மாற்ற, மற்ற ஆசிரியரிடம் பாடவேளையை மாற்றிக் கேட்பேன். சிலர் தரமாட்டார்கள்.

கடைசி வாங்கில் ஒருவன் கரும்பலகையில் இருப்பதைப் பிழையாகவே கொப்பியில் எழுதுகிறான், கவனமே இல்லை என்றீர்களே. திங்கட்கிழமை அவனை முன்வாங்கில் இருத்திப் பாருங்கள். கண்ணைச் சுருக்குகிறானா என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடுங்கள், பஸ்ஸில் இருந்து வேண்டாம்.

அன்புடன்,
அக்கா