செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் இயங்கும் நமது தோட்டக் கழகத்தின் இந்த ஆண்டு வேலையில் பெரும்பகுதி, பல்லாண்டுப் பூச்செடிகளை விதையிலிருந்து வளர்ப்பதில் போனது. மரக்கறிப் பாத்திகள் வழமைபோல நன்றாகவே நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

போன ஆண்டு மில்க்வீட் என்ற பூச்செடியின் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் பழுதில்லை. உறையோடு உலர்ந்தபடியே பிரிட்ஜில் வைத்ததுதான் நாங்கள் விட்ட பிழை. குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஈரம் குடித்த விதை குளிரில் கிடக்கும்போதுதான், முளையைத் தடுத்து வைத்திருக்கும் அப்சிசிக் அமிலம் அதில் குறைகிறது. அந்தத் தடை இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் விழுகிற விதை உடனே முளைத்துப் பனியில் கருகிப்போகும்.

சரி, இம்முறை இரண்டு வழியாலும் செய்தோம். மாசியில் ஒரு பங்கு விதையை ஈரமணலில் கலந்து, சிப் பையில் போட்டு, பிரிட்ஜில் 4 பாகை அளவில் வைத்தோம். மணலைக் கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. மில்க்வீட்டுக்கு 30 நாள் போதும். நாங்கள் ஆறு கிழமை விட்டோம். மற்றப் பங்கைத் தையிலேயே சலாட் இலை வரும் பிளாஸ்டிக் பெட்டிகளில் விதைத்து, மூடியிலும் அடியிலும் துளையிட்டு, வெளியே பனிக்குள் விட்டோம். கொலம்பைன் என்ற இன்னொரு பூச்செடியின் விதைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அதை மண்ணால் மூடாமல், மேலே தூவி விரலால் அமுக்கிவிட்டோம்.

வைகாசியில் ஒரு பெட்டியைத் திறந்தால், விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி ஒரு மில்க்வீட் முளை. கிழமைகள் போய் அது வளர்ந்தபின், நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது எங்கட எருக்கலைதானே பிள்ளை!" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே குடும்பம். அதே பால், அதே பஞ்சு விதை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்த இலையை விட்டால் வேறு உணவில்லை. இருந்தும் 2014 வரை ஒன்ராறியோவின் களைப் பட்டியலில்தான் இந்தச் செடி இருந்தது. ஆடியில் நமது பாத்தியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிப் புழுக்களைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம், ட்ரில்லியம். 1937 முதல் இந்த மாகாணத்தின் பூ. பெட்டியில் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதற்கு இரண்டு குளிர்காலம் வேண்டும்: முதலாவது முடிய வேர் விடும், இரண்டாவது முடிய இலை வரும். பூவுக்கு அதன்பின்னும் பல ஆண்டுகள். வடக்கு மூலையில் உள்ள அந்தப் பெட்டியைத் தயவுசெய்து யாரும் கொட்டிவிடாதீர்கள், காயவும் விடாதீர்கள்.

புரட்டாதியில் விதை சேர்க்க வருபவர்கள் கடதாசிப் பை கொண்டுவாருங்கள். மில்க்வீட் காயின் உள்ளே விதை கபில நிறமாகியிருந்தால் மட்டும் பறியுங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை.

நன்றி.
செயலாளர்