கணித மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

டிசம்பர் 22 தேசியக் கணித நாள் விழாவும் மாணவர் புதிர்ப் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின. நூலகம் ஒழுங்குபடுத்தப்பட்டது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, முடிவுறு தானியங்கிகளால் முடிவிலாக் குலங்களை ஆராயும் மாலை வகுப்பு. முடிவுறு தானியங்கி என்பது, இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, தான் இருக்கும் நிலைக்கேற்ப இலக்கம் எழுதி நிலை மாறும் கற்பனை இயந்திரம்; அதன் நிலைகள் சிலவே. குலம் என்பது, அடுத்தடுத்துச் செய்யவும் திருப்பி நீக்கவும் கூடிய செயல்களின் தொகுப்பு. "நமக்கு இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்ததால் விரிவாகப் பதிலளிப்பது என் கடமை.

இரண்டே நிலைகள் கொண்ட தானியங்கியில் தொடங்கினோம். முதல் நிலையில் 1 வந்தால் 0 எழுதி அங்கேயே நிற்கும். 0 வந்தால் 1 எழுதி அடுத்த நிலைக்குப் போகும். அங்கே வருவதை அப்படியே எழுதும். ஒன்றாம் இலக்கத்தை இடப்பக்கம் வைத்து 110 கொடுத்தால் 001 வரும். அதாவது 3 உடன் 1 கூடி 4. இதையும் இதைத் திருப்பும் செயலையும் திரும்பத் திரும்ப ஓட்டினாலே முழு எண்களின் கூட்டல் குலம் கிடைத்துவிடுகிறது.

பிறகு கணிதர் கிரிகோர்ச்சுக் 1980-இல் தந்த குலம். முடிவுறு எண்ணிக்கைப் பிறப்பாக்கிகள் (மற்ற உறுப்புகளையெல்லாம் உண்டாக்கும் உறுப்புகள்) உள்ள குலத்தில் ஒவ்வோர் உறுப்பின் வரிசையும் (எத்தனை முறை செய்தால் முதன்முறையாகப் பழையபடி ஆகும் என்ற எண்) முடிவுறு எனில் குலமும் முடிவுறுமா என்று பர்ன்சைடு 1902-இல் கேட்டார். இல்லை என்று 1964-இல் கோலோட் காட்டிவிட்டார். ஆனால் கிரிகோர்ச்சுக்கின் எடுத்துக்காட்டுக்கு ஐந்தே நிலைகள் போதும். பலகையில் ஒரு மூலையில் அடங்கிவிடும். அந்நிலைகளில் மூன்றின் பெயர் 'ஏ', 'பி', 'டி'. 'ஏ' முதல் இலக்கத்தை மட்டும் 0 என்றால் 1 ஆகவும் 1 என்றால் 0 ஆகவும் மாற்றும். 'டி', முதல் இலக்கம் 0 என்றால் எதையும் தொடாது. 1 என்றால் எஞ்சியதன் மேல் 'பி'யை ஓட்டும். ஏ, டி, ஏ, டி என்று போட்டுப் பார்த்த பிளஸ் டூ மாணவி ஒருவர், முதல் இலக்கம் அப்படியே இருக்க, மீதியில் 'பி' ஒருமுறை ஓடியிருப்பதைக் கண்டுபிடித்தார். 'பி' இருமுறை ஓடினால் ஒன்றும் மாறாது. எனவே ஏ, டி இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும் 'ஏடி'யின் வரிசை 4. அந்தப் பிள்ளைக்காகவே இந்த வகுப்பு தொடர வேண்டும் என்பேன்.

மூத்த உறுப்பினர்கள் பலர் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. சந்தா பாக்கியும் பெரும்பாலும் அவர்களிடமே நிற்கிறது. குறிப்பேடுகளை நகலெடுத்த செலவைச் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுத்தவர்களுக்கு மன்றம் இன்னும் திருப்பித் தரவில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் உண்டு. தலைவருக்கும், இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு, இரு நிலைகளிலேயே பிறக்கும் 'விளக்கேற்றி' என்ற குலத்தையும், குலத்தின் வளர்ச்சி (பிறப்பாக்கிகளை n முறை வரை சேர்த்தால் கிடைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை பெருகும் வேகம்) n-இன் ஓர் அடுக்கைப் போன்ற பல்லுறுப்பு வளர்ச்சிக்கும் 2-இன் n-ஆம் அடுக்கைப் போன்ற அடுக்கு வளர்ச்சிக்கும் இடைப்பட்டதாக இருக்கக்கூடுமா என்று 1968-இல் கணிதர் மில்னர் கேட்ட கேள்வியையும் எடுக்க விருப்பம். வகுப்பையும் சந்தா வசூலையும் ஒருவரே பார்ப்பது கடினம். வசூலை ஏற்க முன்வருவோர் பெயர் தரலாம். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் இங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்